கஞ்சியில் கரைந்த மாத்திரை

அத்தியாயம் 11

தொண்ணூற்றொன்றாவது சர்க்கரை ரோஜா பாதி மலர்ந்த நிலையில் உடைந்து மேசைமேல் விழுந்தது.

ஜோசஃபின் அதை எடுக்கவில்லை. ஐசிங் பையைக் கீழே வைத்தாள். மடங்கியபடியே நின்றுவிட்ட வலது கை நடுவிரலை இடது கையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் விடுபடுவது போல 'டக்' என்றது விரல்.

"இந்தக் கையை வெட்டி அடுப்புல போடலாம்," என்றாள்.

அடுப்படியில் ராகிக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த மகள் ஆஞ்சலா திரும்பவில்லை. திரும்பினால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அந்தக் கையைத் தெரியாதவர்கள் குறைவு. இருபது வருஷமாகக் கல்யாண கேக் என்றால் ஜோசஃபின் வீடுதான். சர்க்கரையில் அவள் பிழியும் ரோஜாவின் இதழ், தொட்டால் வாடிவிடுமோ என்று தோன்றும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கேன்சர் என்று இடது மார்பை எடுத்தபோதுகூட அந்தக் கை ஓயவில்லை. அதற்கப்புறம் டாக்டர் எழுதிக் கொடுத்த மஞ்சள் மாத்திரைதான் ஓயவைத்தது. நோய் திரும்பி வராமலிருக்க தினம் ஒன்று, ஐந்து வருஷத்துக்கு. மூன்றாம் மாதமே விரல் கணுவெல்லாம் கட்டையாகிப் போனது.

போன நவம்பரில் கணவரின் அக்கா நோரா அத்தையின் மகள் ஷோபாவுக்கு நிச்சயதார்த்தம். பிரியாணி வாசம் அடங்குவதற்குள் அத்தை ஜோசஃபினை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "கேக் நீதான் பண்ணணும். கல்யாணம் முடியற வரைக்கும் அந்த மாத்திரையை நிறுத்திடு ஜோசி. உனக்கு மாசாமாசம் வர்றது நின்னு எட்டு வருஷம் ஆச்சு. இல்லாத ஹார்மோனைத் தடுக்க எதுக்கு மாத்திரை? டாக்டருங்களுக்கு எதையாவது எழுதணும், எழுதறாங்க."

ஜோசஃபின் நிறுத்திவிட்டாள்.

கணவர் தியோடருக்குத் தெரியாது. பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறவர் அவர். மாத்திரை வாங்கி வந்த அன்றைக்கே அட்டையின் பின்னால் ஒவ்வொன்றுக்கும் மார்க்கர் பேனாவில் தேதி போட்டுவிடுவார். ராத்திரி சாப்பிட்டதும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். அன்றைய தேதி கிழிந்திருந்தால் "பாஸ்" என்பார். தேதி தினமும் கிழிந்துதான் இருந்தது. கிழித்த மாத்திரை, ஐசிங் பிழியும் நாசில்களை வைக்கும் பழைய பிஸ்கட் டப்பாவுக்குப் போனது.

ஆஞ்சலாவுக்குத் தெரியும். முதல் வாரமே பார்த்துவிட்டாள். மம்மி அவள் கையை இழுத்து பைபிள்மேல் வைத்து அழுத்தினாள். "டாடிகிட்டயோ டாக்டர்கிட்டயோ ஒரு வார்த்தை சொன்னே, நான் உனக்கு மம்மி இல்ல."

சொல்லவில்லை. பதினாறு வயசுக்கு அந்தப் பாரம் ரொம்ப அதிகம். கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சைபர் கஃபேயில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்த மாத்திரையின் பெயரை அடித்துப் படித்தாள். மூன்று பக்கம் படித்தாள். நாலாவது பக்கம் நிறுத்தினவர்களைப் பற்றியது. அதை முழுசாகப் படிக்க முடியவில்லை.

சொல்லக்கூடாது என்றுதான் சத்தியம். கஞ்சியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கிறிஸ்மஸ் மறுநாளிலிருந்து தினம் காலையில் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து, பட்டர் பேப்பரில் மடித்து, சப்பாத்திக் கட்டையால் நசுக்கி, மம்மியின் டம்ளரில் போட்டு, மேலே கஞ்சியை ஊற்றிக் கலக்கினாள். வெல்லம் கொஞ்சம் தூக்கலாக.

இன்றைக்கு ஜனவரி இருபத்திரண்டு. நாளை மறுநாள், சனிக்கிழமை, கல்யாணம். இரண்டு வாரமாக மம்மியின் விரல்கள் மறுபடி மடங்குகின்றன. ஏனென்று ஆஞ்சலா ஒருத்திக்குத்தான் தெரியும்.

டம்ளரை மேசையில் வைக்கிற நேரத்தில் கேட் அலறியது. நோரா அத்தை தாழ்ப்பாளைத் தூக்கமாட்டாள், உதைப்பாள்.

"எத்தனை ஆச்சு?" என்றபடியே உள்ளே வந்தாள் அத்தை. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஆட்டோவில் வந்தவள், ஷோபாவின் கவுன் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்திருந்தாள். ரோஜாவின் நிறம் அதற்குப் பொருந்த வேண்டுமாம்.

"தொண்ணூறு," என்றாள் ஜோசஃபின்.

"நேத்து போன்லயும் தொண்ணூறுன்னுதானே சொன்னே?"

"கை வரல அக்கா."

"நூத்தம்பதுன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டேன். அவங்க வீட்டுப் பொம்பளைங்க ஒண்ணொண்ணா எண்ணுவாங்க."

"வலிக்குது அக்கா. மடங்கினா நிமிர மாட்டேங்குது."

"மாத்திரையைத்தான் நிறுத்தியாச்சே. ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது. இப்ப எதைச் சொல்லி ஏமாத்தறே?"

ஜோசஃபின் துணித் துண்டை வாங்கி மேசைமேல் விரித்தாள்.

"அதான் அக்கா எனக்குப் பயம். மாத்திரையே போடாம வலிக்குதுன்னா வேற என்ன? ருக்குவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

"யாரு ருக்கு?"

"ஆஸ்பத்திரில பக்கத்து பெட்ல இருந்தாளே. இடுப்பு வலின்னு சொல்லிட்டிருந்தா. தைலம் தேச்சுட்டே இருந்தா. பாத்தா எலும்புக்குப் போயிருக்கு. ஆகஸ்ட்ல போயிட்டா."

கரண்டி ஆஞ்சலாவின் கையில் அப்படியே நின்றது.

இரண்டு வாரமாக மம்மி சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருந்தாள். கல்யாண வேலை, கை வலி என்று ஆஞ்சலா நினைத்திருந்தாள். மம்மி ருக்குவை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கல்யாண வீட்டுல சாவுப் பேச்சு எதுக்கு?" என்றாள் அத்தை.

"இது கல்யாண வீடு இல்ல அத்தை. எங்க வீடு," என்றாள் ஆஞ்சலா.

"வாயைப் பாரு. பியுசி காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?" அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காலைலேருந்து வெறும் வயிறு. என்ன, கஞ்சியா?"

கை நீட்டி மம்மியின் டம்ளரை எடுத்தாள்.

"அது மம்மியோடது அத்தை. உங்களுக்கு வேற ஊத்தறேன்."

"உங்க மம்மிக்கு வேற ஊத்து. இதுல என்ன, பேரா எழுதியிருக்கு?"

டம்ளர் உதடுவரை போய்விட்டது. ஆஞ்சலா யோசிக்கவில்லை. பாய்ந்து பிடுங்கினாள். அத்தை விடவில்லை. டம்ளர் இரண்டு கைக்கும் நடுவில் கவிழ்ந்து, பாதி கஞ்சி அத்தையின் புடவையிலும் மீதி மேசையிலும் தரையிலும் கொட்டியது. கவுன் துணித் துண்டு பழுப்பாகிப் போனது.

அடுத்த நொடி ஆஞ்சலாவின் கன்னத்தில் அறை விழுந்தது. மம்மி அடித்தது அந்த வலது கையால்தான். அடித்தவளே கையை மார்போடு பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சரிந்தாள்.

"ஒரு டம்ளர் கஞ்சிக்குப் பிடுங்குவியா?" என்றாள் மூச்சு வந்ததும். "யார் வளர்த்த பொண்ணுடி நீ?"

"நல்லா வளர்த்திருக்கே," என்றாள் அத்தை, புடவையை உதறிக்கொண்டே. "வயசான காலத்துல ஒண்ணே ஒண்ணுன்னு தலைல தூக்கி வெச்சுக்கிட்டே இல்ல? அனுபவி."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"இன்னிக்குத்தானே செக்கப்? டாக்டர்கிட்ட வாயைத் திறக்காதே. ரெண்டே நாள். ஞாயித்துக்கிழமைலேருந்து நாலு நாலா வேணும்னாலும் போட்டுக்கோ."

தரையைத் துடைக்கும்போது ஆஞ்சலா கஞ்சியில் மஞ்சள் பொடியைத் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்றைய மாத்திரை சாக்கடைக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் மம்மி ஒரு வார்த்தை பேசவில்லை. வராந்தாவில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஞ்சலாவின் நாக்கு நுனியில் அது இருந்தது. 'எலும்பு இல்ல மம்மி, மாத்திரைதான்.' நாலே வார்த்தை. சொன்னால் மம்மியின் பயம் போகும். கூடவே கஞ்சியும் போகும். நாளையிலிருந்து மம்மி ஒரு வாய்கூடக் குடிக்கமாட்டாள். மாத்திரை இல்லாத மம்மி. அந்த நாலாவது பக்கம்.

பெயர் கூப்பிட்டார்கள்.

டாக்டர் அனந்தபத்மநாபன் ஃபைலைப் புரட்டியபடியே கேட்டார். "மாத்திரை தினம் போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

"கையை நீட்டுங்க." விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். ஜோசஃபின் கண்ணை மூடிக்கொண்டாள். "எப்பலேருந்து இவ்வளவு?"

"முதல்லயே இருந்துச்சு. டிசம்பர்ல போயிடுச்சு. இப்ப ரெண்டு வாரமா மறுபடியும்."

டாக்டர் நிமிர்ந்தார். "போயிடுச்சா? மாத்திரை போட்டுக்கிட்டே இருக்கும்போது அதுவா போயிடுச்சா?"

ஜோசஃபின் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, வெளியில இன்னும் நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. பொய் கேக்க எனக்கு டைம் இல்ல."

"நிறுத்திட்டேன்," என்றாள் ஜோசஃபின் மேசையைப் பார்த்து. "நவம்பர்ல."

"யாரைக் கேட்டு?"

"எனக்கு எல்லாம் நின்னு எட்டு வருஷம் ஆச்சு டாக்டர். இல்லாத ஹார்மோனை எதுக்குத் தடுக்கணும்னு..."

"இதைச் சொன்னவங்க எந்த மெடிக்கல் காலேஜ்?"

ஜோசஃபின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் பீன்யாலதானே வேலை செய்யறார்?" டாக்டரின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை போலிருந்தது. "அங்க ஒரு பெரிய ஃபேக்டரியை மூடிட்டா வேலையெல்லாம் நின்னுடுதா? பின்னாடி சந்துல சின்னச் சின்னப் பட்டறை ஓடிக்கிட்டே இருக்கும் இல்ல? உங்க சினைப்பை மூடின ஃபேக்டரி. உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் பட்டறை. கொஞ்சம் கொஞ்சமா அந்த ஹார்மோனைப் பண்ணிட்டே இருக்கும். உங்க கட்டி அதைத் தின்னுதான் வளர்ந்துச்சு. அந்தப் பட்டறைக்குப் பூட்டுப் போடறதுதான் இந்த மாத்திரை. நின்னு போனவங்களுக்குன்னே வந்தது. உங்களுக்குன்னே வந்தது. அதை நிறுத்தியிருக்கீங்க."

"ஒரு கேக்குக்காக," என்று சொல்ல ஜோசஃபின் வாயெடுத்தது ஆஞ்சலாவுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

"இப்ப மாத்திரையும் இல்லாம வலி வந்திருக்குன்னா நான் வேற மாதிரி யோசிக்கணும்." டாக்டர் ஒரு ஃபாரத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். "எலும்புக்கு ஒரு போன் ஸ்கேன் எடுங்க."

"எலும்புக்குப் போயிடுச்சா டாக்டர்?"

"பாத்தாதான் சொல்ல முடியும்."

"இவளுக்குப் பதினாறு வயசுதான் ஆகுது," என்றாள் மம்மி. அதைச் சொன்னால் டாக்டர் மனம் மாறிவிடுவார் என்பது போலச் சொன்னாள்.

"மம்மி மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

தன் குரல்தான் அது என்று ஆஞ்சலாவுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று.

"அவங்களுக்குத் தெரியாது," என்றாள். "நான் கஞ்சில போட்டேன். கிறிஸ்மஸ் மறுநாள்லேருந்து. டப்பால போட்டு வெச்சிருந்தாங்க. தினம் ஒண்ணு எடுத்து, சப்பாத்திக் கட்டையால பொடி பண்ணி..." உள்ளங்கையால் நசுக்கிக் காட்டினாள். "ஒரு நாளும் விடல. இன்னிக்கு மட்டும்தான்."

டாக்டர் பேனாவை மூடினார். "ஒருத்தர் போடாம போட்டேன்னு பொய் சொல்றாங்க. இன்னொருத்தர், போடலன்னு நினைச்சுட்டிருக்கிறவங்களுக்கு ஊட்டிவிடறாங்க. நான் இந்த வீட்டுல யாருக்கு வைத்தியம் பாக்கறது?" ஆஞ்சலா பக்கம் திரும்பினார். "தெரியாம ஒருத்தருக்கு மருந்து குடுக்கிறது தப்பும்மா. எவ்வளவு நல்ல எண்ணமா இருந்தாலும் தப்புதான். அந்தக் கஞ்சியை வேற யாராவது எடுத்துக் குடிச்சிருந்தா?"

கன்னத்தில் அறை விழுந்த இடம் சுட்டது.

"ஆனா கணக்கு இப்பதான் சரியா வருது," என்றார் டாக்டர், ஜோசஃபினிடம். "நிறுத்தினதும் வலி போச்சு, உள்ள போனதும் வந்துச்சு. அப்ப விரல் வலி பெரும்பாலும் மாத்திரையோட வேலைதான். அதுக்கு வழி இருக்கு. அதே வேலையைச் செய்யற வேற மருந்து இருக்கு, மாத்திப் பாக்கலாம். கைக்குப் பயிற்சி இருக்கு. வாயைத் திறந்து 'வலிக்குது'ன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா போன வருஷமே பாத்திருக்கலாம்."

எழுதின ஃபாரத்தை ஓரமாகத் தள்ளினார். மம்மி மூச்சை விட்டாள். இரண்டு வாரத்து மூச்சு அது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நடுவுல மாத்திரையே இல்லாத அந்த ஆறு வாரம், உடம்புல எங்கயாவது வலி இருந்துச்சா?"

"இல்ல," என்றாள் ஜோசஃபின். பிறகு, "இங்க கொஞ்சம்," என்று வலது பக்கம் முதுகு விலாவைத் தொட்டாள். "கிறிஸ்மஸ் ஆர்டர் ஜாஸ்தி. கேக் டின் எல்லாம் தூக்கினேன். அதுவா இருக்கும்."

டாக்டர் எழுந்து வந்து அந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்தினார். மம்மியின் தோள் வெடுக்கென்று உயர்ந்தது.

டாக்டர் உட்கார்ந்து, தள்ளி வைத்த ஃபாரத்தை மறுபடி இழுத்துக்கொண்டார். போனில் யாரிடமோ கன்னடத்தில் இரண்டு வாக்கியம் பேசினார்.

"சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒருத்தர் கேன்சல் பண்ணியிருக்காங்க. திங்கக்கிழமை ரிபப்ளிக் டே லீவு. இதை விட்டா ரெண்டு வாரம் ஆகும். என்ன சொல்றீங்க?"

"சனிக்கிழமை பத்தரைக்குக் கல்யாணம் டாக்டர்."

"உங்களுக்கா?"

ஜோசஃபின் சீட்டை வாங்கி நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

திரும்பும் ஆட்டோவில் மம்மி பேசினாள். டிரைவர் காதில் விழாதபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இருபத்தேழு நாள் என்னை ஏமாத்தி ஊட்டியிருக்கே."

"நீங்க டாடியை ஏமாத்தினீங்க."

"எதிர்த்துப் பேசாதே. ரெண்டு வாரமா நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு தெனம் படுத்திருக்கேன் ஆஞ்சி. என் செயின் உனக்கு, ஓவன் யாருக்குன்னு பேப்பர்ல எழுதி வெச்சிருக்கேன். நீ பக்கத்துல படுத்துக்கிட்டு கம்முனு இருந்தே."

"நீங்க அப்படி நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது மம்மி. இன்னிக்குக் காலைல ருக்கு ஆன்ட்டி பத்திச் சொன்னப்பதான்..."

"காலைல தெரிஞ்சுது இல்ல? வராந்தால ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோமே. அப்ப வாய் எங்க போச்சு?"

'சொன்னா நீங்க நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்துச்சு' என்பதுதான் பதில். ஆனால் மம்மி முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள். காக்ஸ் டவுன் மார்க்கெட் வரும்வரை திரும்பவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு நோரா அத்தை வேறு புடவையில் வந்தாள். கேட் மறுபடி உதை வாங்கியது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

ஜோசஃபின் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சரி, எத்தனை ஆச்சு?"

"தொண்ணூறு."

"காலைலேருந்து ஒண்ணுகூடப் பண்ணலையா?"

"மிச்சம் அறுபதுக்கு ரஸ்ஸல் மார்க்கெட்ல நிஜ ரோஜா வாங்கிக்கோங்க அக்கா. வாசமாவும் இருக்கும்."

அத்தை சிரித்தாள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள். "ஷோபா கல்யாணத்தைக் கெடுக்கணும்னே பண்றியா? உன் உடம்பு சரியில்லாதப்ப உனக்கு சூப் வெச்சுக் கொண்டு வந்து குடுத்தது யாரு?"

"நீங்கதான். மறக்கல."

"அப்ப உக்காந்து பிழி. இல்லன்னா இப்ப தியோ வந்ததும் சொல்லிடுவேன். ரெண்டு மாசமா மாத்திரையை டப்பால போட்டு அவனை முட்டாளாக்கினதை. அவன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும். பொய்யை மட்டும் பொறுக்க மாட்டான்."

சரியாக அந்த நேரம் கேட் தாழ்ப்பாளைத் தூக்குகிற மெல்லிய சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அப்படித் திறக்கிறவர் ஒருவர்தான்.

தியோடர் டிபன் பையை ஆணியில் மாட்டினார். "அக்கா வந்திருக்கியா," என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க ஆஸ்பத்திரில?"

ஜோசஃபின் ஃபிரிட்ஜ் மேலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து விளக்குக்குக் கீழே நின்றாள்.

"ஆஞ்சி, காலைல போட்டது என்ன ஆச்சு?"

"கொட்டிடுச்சு மம்மி. அத்தை டம்ளரை எடுத்தப்ப."

"ம்."

22/1/04 என்று எழுதியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் ஒத்துழைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஆஞ்சலா கை நீட்டினாள். மம்மி அட்டையை அவள் கைக்கு எட்டாமல் நகர்த்திக்கொண்டாள். மேசையிலிருந்த ஐசிங் நாசிலை எடுத்து, அதன் கூர்முனையால் தேதியைக் குத்திக் கிழித்தாள். மஞ்சள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கணவர் முன்னால் போய் நின்று, குழந்தை டாக்டரிடம் காட்டுவது போல வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"பாத்தீங்களா? போயிடுச்சா?"

"என்ன ஜோசி இது?"

"இத்தனை நாள் அட்டையைப் பாத்துப் பாத்துப் பாஸ் பண்ணீங்க. நானா ஒண்ணுகூட முழுங்கல. இனிமே தொண்டையைப் பாருங்க."

தியோடர் அட்டையை வாங்கினார். கிழிந்த தேதிகள்மேல் அவர் விரல் வரிசையாக ஓடியது. முகத்தில் நிறம் மாறிக்கொண்டே வந்தது. "முழுங்கலைன்னா? எத்தனை நாளா? யார் சொல்லி?"

ஆஞ்சலா கண்ணை மூடிக்கொண்டாள். மம்மி தன்னைத்தான் காட்டப்போகிறாள் என்று நினைத்தாள். காட்டினால் நியாயம்தான்.

"உங்க அக்காவைக் கேளுங்க," என்றாள் ஜோசஃபின்.

"நான் என்ன பண்ணேன்?" என்றாள் நோரா அத்தை. இன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் சின்னதாக இருந்தது. "ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இவளுக்குப் புத்தி எங்க போச்சு? தியோ, உன் பொண்ணு என்ன காரியம் பண்ணியிருக்கான்னு இவளைக் கேளு. காலைல நான் அந்தக் கஞ்சியைக் குடிக்கப் பாத்தேன். அதுல ஏதோ இருந்திருக்கு, அதான் பிடுங்கினா."

"அது எனக்கும் என் பொண்ணுக்கும் நடுவுல," என்றாள் ஜோசஃபின். "நாளைலேருந்து என் கஞ்சியை நானே காய்ச்சிக்குவேன். நீ கிட்ட வராதே," என்று ஆஞ்சலா பக்கம் பார்க்காமலே சேர்த்துக்கொண்டாள்.

தியோடர் மேசையில் கிடந்த அவள் பர்ஸிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துப் பிரித்திருந்தார். ஃபேக்டரியில் டிராயிங் பார்ப்பது போல ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார்.

"சனிக்கிழமை ஒன்பது மணி," என்றார்.

"சனிக்கிழமையா?" என்றாள் அத்தை. "முடியாது. கேக்கை யார் கொண்டு வந்து நிறுத்துவா? மாப்பிள்ளை வீட்டுக்கு யார் பதில் சொல்வா? அடுத்த வாரம் எடுத்தா என்ன குடியா முழுகிடும்?"

தியோடர் அவளைப் பார்க்கவில்லை. "கை வலி மாத்திரையாலன்னு இதுல எழுதியிருக்கார். அப்ப ஸ்கேன் எதுக்கு?"

ஜோசஃபின் ஐசிங் பையை எடுக்கப் போனாள். "ஒண்ணுமில்ல, சும்மா எழுதியிருக்கார். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். சொல்லும்போதே அவளுடைய இடது கை, அவளுக்கே தெரியாமல், முதுகு விலாப் பக்கம் போய் அழுத்திக்கொண்டு நின்றது.

ஆஞ்சலா அதைப் பார்த்தாள். அவள் பார்த்துவிட்டதை மம்மியும் கவனித்தாள். அந்தக் கண்கள் நவம்பரில் சொன்னதையே மறுபடி சொல்லின. சொன்னே, நான் உனக்கு மம்மி இல்ல.

"டாடி," என்றாள் ஆஞ்சலா. "மாத்திரை நிறுத்தியிருந்த ஆறு வாரமும் மம்மிக்கு ஒரு இடத்துல மட்டும் வலி இருந்திருக்கு. டாக்டர் அழுத்தினப்ப துள்ளிட்டாங்க."

"ஆஞ்சி," என்றாள் மம்மி.

ஆஞ்சலா நிறுத்தவில்லை. "இங்கதான்," என்று போய் அந்த இடது கையை மெதுவாக விலக்கி, இடத்தைக் காட்டினாள்.